ஹாக்னி நடைபாதையில் பெரிய சீத்தாப்பழம், பார்த்திருக்கிறீர்களா?

ஊர்சுற்றி:
போன சனிக்கிழமை அம்மாவோடு லண்டன் ஹாக்னி பக்கம் போயிருந்தேன். பழைய தேவாலயக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ராட்சசப் பழங்கள் மூன்று தரையில் கிடக்கின்றன. அம்மா தூரத்திலிருந்தே "டேய், சீத்தாப்பழம்டா!" என்று சொல்லிக்கொண்டே போய்த் தடவிப் பார்த்தார். கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களுக்கான நினைவுச்சின்னமாம். எனக்கு என்னவோ ஒட்டவில்லை. லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் இதே மக்களுக்காக வைத்திருக்கிற மாதிரி ஆள் சிலை வைத்தால்தானே பார்த்ததும் புரியும்?

பழையபுத்தகம்:
அது சிற்பி வெரோனிகா ரையன் செய்தது, 2021 அக்டோபரில் திறந்தார்கள். சீத்தா, முள்சீத்தா, சீமைப்பலா மூன்றும் வெண்கலத்திலும் பளிங்கிலும். கரீபியனில் உள்ள மொன்செராட் தீவில் பிறந்து சின்னக் குழந்தையாக இங்கிலாந்து வந்தவர் அவர், அம்மாவோடு ஹாக்னியில் இருக்கிற ரிட்லி ரோடு சந்தைக்குப் போன ஞாபகத்திலிருந்து வந்தவைதான் இந்தப் பழங்கள். அடுத்த வருடம் டர்னர் பரிசும் வாங்கினார், பிரிட்டனின் பெரிய கலைப் பரிசு அது. உங்கள் அம்மாவுக்குப் பலகையைப் படிக்காமலே புரிந்துவிட்டதே, அப்புறம் என்ன?

வடலி:
சீமைப்பலா என்று நீங்கள் சொல்வது எங்களுக்கு ஈரப்பலாக்காய். கரீபியனுக்கு அதுவும் வந்தேறிதான். தோட்டங்களில் அடிமைகளுக்கு மலிவாகச் சாப்பாடு போட வேண்டும் என்று தாஹிட்டியிலிருந்து கன்றுகளைக் கப்பலில் ஏற்றி, 1793இல் கேப்டன் பிளை கொண்டுவந்து இறக்கினார். சீத்தா எதிர்த்திசையில், அமெரிக்கப் பக்கமிருந்து நம்மிடம் வந்தது. அதனால் எனக்கு அது வெறும் பழமாகத் தெரியவில்லை.

ரயில்பயணி:
வாட்டர்லூ சிலை நன்றாகத்தான் இருக்கிறது. பேசில் வாட்சன் செய்தது, பெட்டிகளை அடுக்கி அதன்மேல் அப்பா, அம்மா, குழந்தை. ஆனால் 2022இல் அரசுக் காசில் வைத்ததுதான் உறுத்துகிறது. 1948இல் விண்ட்ரஷ் கப்பலில் தொடங்கி கரீபியனிலிருந்து வந்து, ஆயுள் முழுக்க இங்கேயே உழைத்தவர்களிடம் அதே அரசு குடியுரிமைக் காகிதம் எங்கே என்று கேட்டு, வேலையைப் பறித்து, சிலரை நாடும் கடத்திய கதை 2018இல்தானே வெளியே வந்தது? கரீபிய மக்கள் நிறையக் குடியேறிய லண்டன் பிரிக்ஸ்டனில் வைத்திருக்கலாம் என்று அந்த மக்களிலேயே சிலர் சொன்னார்கள். ஆள் உருவம்தான் வேண்டுமென்றால் ஹாக்னி டவுன் ஹால் வாசலில் சிற்பி தாமஸ் ஜே பிரைஸின் வெண்கல ஆணும் பெண்ணும் நிற்கிறார்கள், போய்ப் பாருங்கள். ஹாக்னிவாசிகள் 30 பேருக்கு மேல் ஸ்கேன் எடுத்துக் கலந்து செய்த முகங்கள்.

ஊர்சுற்றி:
சரி, டவுன் ஹாலுக்கு அடுத்த வாரம் போகிறேன். வடலி சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ரிட்லி ரோட்டில் ஈரப்பலாக்காய் என்ன விலை என்று கேட்கிறார், யாருக்காவது தெரியுமா?