விவால்டியின் ‘குளிர்காலம்’, நடுப்பகுதி: எந்த வேகத்தில், எந்தச் சுருதியில் வாசிப்பது?

கேள்வி (எலத்தகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்த் தேவாலயப் பாடகர் குழுவில் வயலின் வாசிப்பவர்கள் நால்வரும் கீபோர்டு வாசிப்பவர் ஒருவரும் இருக்கிறோம். நால்வரில் மூவர் பள்ளி மாணவர்கள். கிறிஸ்துமஸ் மாலை நிகழ்ச்சிக்காக, இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ தொகுப்பிலுள்ள குளிர்காலக் கன்செர்டோவின் (தனி வயலினும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பின்) நடுப்பகுதியை மட்டும் எடுத்துப் பழகி வருகிறோம். எங்களுக்குள் இரண்டு விஷயங்களில் கருத்து வேறுபாடு எழுந்துள்ளது. இசைத்தாளில் ‘லார்கோ’ என்ற சொல்லைத் தவிர வேகத்தைப் பற்றி வேறு குறிப்பில்லை. நாங்கள் கேட்ட பதிவுகளில் சில ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டியதும் முடிந்துவிடுகின்றன, சில இரண்டு நிமிடம் வரை நீள்கின்றன. இதில் எது சரி? அடுத்ததாக, இ ஃபிளாட் மேஜரில் (இ ஃபிளாட்டை ஆதார சுரமாகக் கொண்ட சுர வரிசையில்) விரல் வைக்க மாணவர்கள் சிரமப்படுவதால், அரைச் சுரம் இறக்கி டி மேஜரில் வாசிக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்தால் இசையின் குணம் மாறுமா?

மறுமொழி 1 (தர்மபுரி)

லார்கோ என்ற இத்தாலியச் சொல்லுக்கு அகலமானது, விரிந்தது என்பதுதான் நேர்ப்பொருள். விவால்டி 1741இல் இறந்தார். தாள வேகத்தை எண்ணிக்காட்டும் மெட்ரோனோம் கருவிக்கு மெல்சல் என்பவர் காப்புரிமை பெற்றது 1815இல். ஆகவே இந்தச் சொல்லை ஓர் எண்ணோடு கட்டிவைக்கும் வழக்கமே அவருக்குப் பிற்பட்டது. வேகத்தை அந்தச் சொல்லில் தேடுவதைவிட இசைக்குள்ளேயே தேடுவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த கன்செர்டோ 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானபோது, ஒவ்வொரு பருவத்துக்கும் சானெட் எனப்படும் ஒரு பதினான்கு வரிக் கவிதை சேர்க்கப்பட்டிருந்தது. நடுப்பகுதிக்கு உரிய வரிகள், கணப்பருகே அமைதியும் நிறைவுமாக நாள்களைக் கழிக்கும் ஒருவரையும், அதே நேரத்தில் வெளியே நூறு பேரை நனைத்துக்கொண்டிருக்கும் மழையையும் காட்டுகின்றன. தனி வயலினின் நீண்ட மெட்டு உள்ளே இருப்பவருடையது. மற்ற வயலின்கள் வில்லை விட்டு விரலால் மீட்டும் பிட்சிகாட்டோ ஒலி வெளியே பெய்யும் மழை. வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா வில்லால் நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் இணைக்கிறது. உங்கள் குழுவில் அந்த வேலையைக் கீபோர்டு செய்யலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மொத்தம் 18 பார்கள் (தாளப் பகுதிகள்), பாருக்கு 4 அடி, ஆக 72 அடிகள். நிமிடத்துக்கு 40 அடி என்று வைத்தால் ஏறத்தாழ 1 நிமிடம் 48 விநாடி ஆகும்; 60 என்றால் 1 நிமிடம் 12 விநாடிதான். மழைச் சுரங்கள் அடிக்கு நான்காக விழுகின்றன. 40இல் விநாடிக்கு மூன்றுக்கும் குறைவாக விழும்போது அது மழை விட்ட பிறகு தாழ்வாரத்தில் சொட்டும் நீராகத்தான் கேட்கிறது. 60இல் விநாடிக்கு நான்கு; தகரக் கூரையின் மேல் ஐப்பசி மழை சீராக இறங்குவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த ஒலி உடனே பிடிபடும். மாணவர்களின் விரல் தாங்குமென்றால் 52க்கும் 58க்கும் இடையில் வையுங்கள் என்பேன்.

மறுமொழி 2 (ஓசூர்)

நான் கர்நாடக வயலின் வாசிப்பவன். மேற்கத்திய முறையைப் பின்னாளில் கற்றேன். சுருதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சுருதியின் உயரத்தைக் கட்டையால் அளக்கும் நம் கணக்கில் இ ஃபிளாட் என்பது இரண்டரைக் கட்டை, டி என்பது இரண்டு கட்டை. மேஜர் வரிசைக்கு நம் இசையில் நிகரான சங்கராபரண ராகம் இரண்டிலும் சங்கராபரணமே என்பதால், தனியாக இந்தப் பகுதியை மட்டும் கேட்பவருக்கு அரைக் கட்டை இறங்கியது தெரியப்போவதில்லை. ஆனால் வயலினுக்குத் தெரியும். ஜி, டி, ஏ, இ ஆகிய நான்கு திறந்த தந்திகளும் டி மேஜருக்குள் வருகின்றன. எனவே அதில் வாசிக்கும்போது தந்திகள் தாமாகவே அதிர்ந்து, ஒலி பளிச்சென்று வெளிப்படுகிறது. இ ஃபிளாட் மேஜரில் ஜி, டி இரண்டு மட்டுமே உண்டு. ஆதார சட்ஜமே விரலால் அழுத்திப் பிடிக்கும் சுரமாகிவிடுவதால், நாதம் சற்று மூடி, கதவடைத்த அறைக்குள்ளிருந்து வருவதுபோல் மென்மை கொள்கிறது. மழைக்கு இது இன்னும் முக்கியம். விரல் வைத்து மீட்டிய சுரம் சட்டென்று அடங்கும். திறந்த தந்தியை மீட்டினால் ரீங்காரம் நீண்டு அடுத்த துளியோடு கலந்துவிடும்.

பழங்கால முறையில் வாசிக்கும் பல குழுக்கள் இன்று ஏ சுரத்தை விநாடிக்கு 440 அதிர்வுகளுக்குப் பதில் 415இல் வைத்துக்கொள்கின்றன. அங்கே இ ஃபிளாட் ஒலிப்பது ஏறக்குறைய நம் டி உயரத்தில்தான். ஆனால் தந்தியையே தளர்த்திவிடுவதால் விரல் இடங்கள் மாறுவதில்லை, அந்த மூடிய நாதமும் போவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாதி வழியில் இசை பி ஃபிளாட்டை, அதாவது பஞ்சமத்தை, புதிய சட்ஜமாகக் கொள்கிறது. அப்போது நம் காதுக்குச் சுத்த மத்யமம் அரைச் சுரம் உயர்ந்து பிரதி மத்யமமாகி, கல்யாணி ராகத்தின் வெளிச்சம் ஒரு கணம் எட்டிப் பார்க்கிறது. அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். அதற்காகவே, தர்மபுரி நண்பர் சொன்னதில் கீழ் எல்லையான 52 எனக்கு உவப்பானது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை டி மேஜரிலும் இ ஃபிளாட்டிலும் ஒரே வேகத்தில் மாறி மாறி வாசித்துப் பார்த்தோம். மாணவர்களே இரண்டாவதுதான் மழை என்றார்கள். மழைச் சுரங்களை இரண்டு இரண்டு பார்களாகப் பிரித்துப் பழகுவதென்றும், 46இல் தொடங்கி வாரத்துக்கு இரண்டு எண்ணாக ஏற்றி 52இல் நிறுத்துவதென்றும் முடிவு செய்திருக்கிறோம். தனி வயலின் பகுதிக்கு எந்த இடங்களில் அணி (அழகுச் சுரங்கள்) சேர்க்கலாம் என்பதைத் தனி இழையாகக் கேட்கிறேன்.