பைக் 85 கிலோமீட்டர் வேகத்த தாண்டுனா ஹேண்டில் ஆட்டம் குடுக்கு, கோன் செட் (ஹேண்டில் தண்டு திரும்புத பேரிங்) மாத்தியும் நிக்கல. வேற என்ன பாக்கணும்?

பாளை_ரோடு:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். வண்டி 200 சிசி, 2017 மாடல், 46,000 கிலோமீட்டர் ஓடிருக்கு. பாளையங்கோட்டைலருந்து நாகர்கோவிலுக்கு வேலை விஷயமா வாரத்துல ரெண்டு தடவ போயிட்டு வாறேன், எல்லாம் நாலுவழிச்சாலைதான். ஒரு மூணு மாசமா 85 தாண்டுச்சுன்னா ஹேண்டில் கைக்குள்ள நடுங்க ஆரம்பிக்கு. மொதல்ல லேசாத்தான் இருந்துச்சு, ரோடுதான் சரியில்ல போலன்னு விட்டுட்டேன். போன செவ்வாக்கெழம நாங்குநேரி தாண்டி வள்ளியூருக்கு முன்னாடி ஒரு லாரிய ஓவர்டேக் பண்ணும்போது 95 இருக்கும், லாரிய தாண்டி வெளிய வந்த ஒடனே ஹேண்டில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் டகடகடகன்னு அடிக்க ஆரம்பிச்சிட்டு, நான் பயத்துல ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சேன், புடிக்கப் புடிக்க கூடத்தான் செஞ்சுது, எப்படியோ ஆக்ஸிலேட்டர விட்டு 70க்கு வந்த பெறவுதான் நின்னுச்சு. ஓரங்கட்டி நிறுத்தி பத்து நிமிஷம் அப்படியே ஒக்காந்துட்டேன், கை நடுக்கம் நிக்கல. பின்னாடி வீட்ல அவளும் புள்ளயும் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சு ராத்திரி தூக்கமே வரல.

ஒரு ஒர்க்‌ஷாப்ல கோன் செட்டு போச்சுன்னு சொல்லி மாத்துனாவ, ஒரு வாரம் நல்லா இருந்துச்சு, பெறவு பழையபடி. இன்னொரு இடத்துல முன் டயர மாத்துங்க, மூவாயிரம் ஆகும்ங்காவ. அதுக்கும் நிக்கலன்னா என்ன செய்ய? ஒண்ணொண்ணா மாத்தி மாத்திப் பாக்க நம்மகிட்ட வசதி இல்ல. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கயத்தாறு_காத்தாடி:
தம்பி, நீங்க போற பாதைய பாத்தா காத்தும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனி ஆடில பணகுடி காவல்கிணறு பக்கம் மேக்கருந்து ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வாற காத்து சும்மா இல்ல, முப்பந்தல்ல அம்புட்டு காத்தாலைய எதுக்கு நட்டு வச்சிருக்கான். லாரிய ஓவர்டேக் பண்ணும்போது லாரி காத்த மறச்சுக்கிடும், தாண்டுன ஒடனே மொத்தமா வந்து அடிக்கும். ஆனா ஒண்ணு, காத்து தள்ளுனா ஒரே தள்ளாத்தான் தள்ளும், லைன் மாறும், அப்புறம் நாம நேராக்கிரலாம். நீங்க சொல்லுத மாதிரி ஒரே தாளத்துல ஆடாது. விடியக்காலம் அஞ்சரைக்கு காத்து இல்லாத நேரம் பாத்து ஓட்டிப் பாருங்க, அப்பவும் நடுங்குச்சுன்னா காத்து மேல பழி போட முடியாது.

வள்ளியூர்_பட்டறை:
தம்பி, எனக்கு 22 வருஷமா இதே வேலதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்லுதேன், பொறுமையா படிங்க.

மொதல்ல ஆட்டம் எதுன்னு தெரியணும். ரெண்டு ஜாதி ஆட்டம் இருக்கு. ஹேண்டில் மட்டும் வேகமா, செகண்டுக்கு ஆறு ஏழு தடவ நடுங்குனா அது முன்பக்க சமாச்சாரம். வண்டி மொத்தமும் பாம்பு மாதிரி மெதுவா, செகண்டுக்கு ரெண்டு மூணு தடவ நெளிஞ்சா அது பெரும்பாலும் பின்பக்கம், ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்த தாங்குத கை) புஷ், பின் டயர், பின்னாடி ஏத்துன பாரம் இதுங்க. நீங்க சொல்லுதது மொத ஜாதி. ஆஸ்பத்திரில ஸ்ட்ரெச்சர வேகமா தள்ளும்போது சின்ன சக்கரம் படபடன்னு அடிக்கும் பாத்திருக்கீங்களா, அதே கணக்குதான். பைக்கோட முன்சக்கரமும் ஹேண்டில் தண்டுக்கு பின்னால இழுபட்டுத்தான் ஓடுது, அதனாலதான் தானா நேரா நிக்கு. ஆனா எங்கயாவது லூசு இருந்தா நேரா வரும்போது நடுவுல நிக்காம அந்தப் பக்கம் தாண்டிரும், திரும்ப வரும், திரும்பத் தாண்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்துல அது கூடிக்கிட்டே போவும்.

செலவில்லாததுலருந்து ஆரம்பிங்க. காலைல வண்டி எடுக்கதுக்கு முன்னாடி டயர் சூடேறாம காத்து அளவு பாருங்க, எவ்வளவு இருக்கணும்னு மேனுவல்லயோ செயின் கவர் ஸ்டிக்கர்லயோ போட்டிருக்கும், உங்க மாதிரி வண்டிக்கு பொதுவா முன்னாடி 25, பின்னாடி தனியா போனா 28, ரெண்டு பேருன்னா 32. அப்புறம் முன் டயர உள்ளங்கையால சுத்துத திசையில ஒரு தடவ, எதிர்த் திசையில ஒரு தடவ தடவிப் பாருங்க. ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் ரம்பப் பல்லு மாதிரி தட்டுச்சுன்னா டயர் ஏத்த எறக்கமா தேஞ்சிருக்குன்னு அர்த்தம். சைடுல நாலு நம்பர் இருக்கும், 2317ன்னா 2017ல 23வது வாரம் செஞ்சது. உங்க வண்டி மாடலும் டயர் நம்பரும் ஒண்ணா இருந்தா ரப்பர் செத்திருக்கும், டயர் மேல பட்டன் தேயாம இருக்கேன்னு பாக்காதீங்க.

அடுத்தது கோன் செட். இதான் நீங்க கவனிக்க வேண்டிய எடம். செண்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினுக்கு அடில இருக்க ஆயில் சம்ப்ல பாரம் வராம பிரேமுக்கு அடில பலகையும் செங்கலும் குடுத்து முன்சக்கரத்த அந்தரத்துல தூக்குங்க. ஒருத்தர் பின்னாடி புடிச்சுக்கிடணும். நீங்க கீழ ஒக்காந்து ஒரு கையால ஃபோர்க் கால புடிச்சு முன்னயும் பின்னயும் அசைங்க, இன்னொரு கை விரல ஹேண்டில் தண்டும் மேல் டீயும் (ரெண்டு ஃபோர்க் காலையும் சேத்துப் புடிக்க தகடு) சேருத எடத்துல வச்சுக்கிடுங்க. டொக்குன்னு விரல்ல தட்டுச்சுன்னா லூசு. அப்புறம் ஹேண்டில ஒரு விரலால மெதுவா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கொண்டு போங்க, நடுவுல நேரா வரும்போது காடில விழுந்த மாதிரி நின்னு நின்னு போனா கப்பு, அதாவது பால்ஸ் உருளுத கிண்ணம், குழி விழுந்திருக்கு. சரியா இருந்தா லேசா தட்டி விட்ட ஒடனே தன் பாரத்துலயே அந்தப் பக்கமா வழுக்கிட்டுப் போவும். ஓவரா இறுக்குனாலும் தப்புதான், மெதுவா போகும்போது வண்டி குடிச்சவன் நடக்க மாதிரி போவும்.

ஒரு வாரம் நல்லா இருந்து திரும்ப வந்துச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் எனக்கு ஒறுத்துது. செட்டுன்னா மேல கப்பு, மேல கோன், கீழ கப்பு, கீழ கோன், பால்ஸ், அம்புட்டும். கீழ கோன் தண்டுல இறுகி இருக்கும், கழட்ட கஷ்டம், நெறைய பேரு அத அப்படியே விட்டுட்டு மத்தத மட்டும் மாத்துவாவ. இல்லன்னா கப்ப அடிக்கும்போது பிரேமோட முன் குழாய்க்குள்ள துருவ சுரண்டாம அடிச்சிருவாவ, கப்பு முழுசா ஒக்காராது, ஓட ஓட உள்ள எறங்கி லூசாயிரும். இத மொதல்ல பாத்துட்டு டயருக்கு காசு போடுங்க.

இன்னொண்ணு, மூணு மாசத்துக்கு முன்னாடி வண்டில புதுசா என்ன மாட்டுனீங்க?

தச்சை_லாங்ரைடு:
பட்டறை அண்ணாச்சி வண்டிய பத்தி சொல்லிட்டாவ, நான் ஓட்டுததப் பத்தி மட்டும் சொல்லுதேன் ஏன்னா அடுத்த தடவ வந்தா நீங்க உசுரோட வீட்டுக்கு வரணும். ஹேண்டில் அடிக்கும்போது இறுக்கிப் புடிக்கவே கூடாது அண்ணே, நம்ம கை ரெண்டும் அந்த ஆட்டத்தோட சேந்து ஸ்பிரிங் மாதிரி வேல செய்யும், நீங்களே சொன்னீங்கள்லா புடிக்கப் புடிக்க கூடுச்சுன்னு. தொடையால டேங்க நல்லா கவ்விக்கிடுங்க, ஒடம்ப முன்னுக்கு சாச்சு பாரத்த முன்சக்கரத்துல குடுங்க, முழங்கைய தளத்திருங்க, ஆக்ஸிலேட்டர படக்குன்னு விடாம மெல்ல மெல்ல கொறைங்க. முன் பிரேக்க தொடவே தொடாதீங்க. சொல்ல எளுப்பம், அந்த நேரத்துல கை கேக்காது, அதனால சும்மா ஓட்டும்போதே கைய தளத்தி புடிச்சுப் பழகுங்க.

ஹேண்டில் ஆட்டத்த அமுக்குததுக்கு ஸ்டீயரிங் டேம்பர்னு ஒண்ணு விக்கான், அது போட்டா நின்னுரும்னு என் கூட்டாளி சொல்லுதான், அண்ணாச்சி என்ன நெனைக்கீங்க?

வள்ளியூர்_பட்டறை:
ரேஸ் வண்டிக்கு அது வேணும், மறுக்கல. நம்ம வண்டிக்கு லூசு இருக்கும்போது அத மாட்டுனா காச்சலுக்கு மாத்திரைய போட்டுட்டு புண்ண மூடி வைக்க மாதிரி. உள்ள கோன் செட் தேஞ்சுகிட்டே இருக்கும், நமக்குத் தெரியாது. மொதல்ல காரணத்த கண்டுபுடிங்க.

பாளை_ரோடு:
அண்ணாச்சி நீங்க கேட்ட பெறவுதான் எனக்கே ஓர்மை வந்துச்சு. சித்திரைலதான் பின்னாடி டாப் பாக்ஸ் மாட்டுனேன், சாம்பிள் சாமானெல்லாம் அதுலதான், தூக்கிப் பாத்தா பன்னெண்டு பதிமூணு கிலோ இருக்கும். அதுவுமா காரணம்?

வள்ளியூர்_பட்டறை:
காரணமேதான். அந்தப் பாக்ஸ் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால தொங்குது, அங்கன வைக்க ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்த ரோட்டுலருந்து தூக்கப் பாக்கும். முன்ன பாரம் கொறஞ்சா சின்ன லூசும் பெருசா தெரியும். பாக்ஸ கழட்டி வச்சுட்டு, காத்த சரி பண்ணிட்டு ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. ஆனா ஒரே நாள்ல எல்லாத்தயும் மாத்தாதீங்க, எதுனால சரியாச்சுன்னு தெரியாமப் போயிரும். 80க்கு மேல போகவும் வேண்டாம் இப்போதைக்கு.

பாளை_ரோடு:
ரெண்டு வாரமா எழுத முடியல, மன்னிச்சுக்கிடுங்க. நடந்தத வரிசையா சொல்லுதேன்.

காத்து அளவு பாத்தேன், முன்னாடி 17, பின்னாடி 38. பெட்ரோல் பங்க்ல அடிக்க பையன் கேக்காமலே அடிச்சு விட்டிருக்கான், நானும் இத்தன நாளா பாக்கல. சரி பண்ணி விடியக்காலம் ஓட்டுனேன், கொஞ்சம் கொறஞ்சுது ஆனா 90ல லேசா இருந்துச்சு. மறுநாள் பாக்ஸ கழட்டிட்டு போனேன், இன்னும் கொறஞ்சுது, ஆனாலும் கைக்குள்ள ஒரு குறுகுறுப்பு நிக்கவே இல்ல.

ஞாயித்துக்கெழம என் மச்சினன் வந்தான், வீட்டு முத்தத்துல வச்சு ரெண்டு பேருமா சக்கரத்த தூக்கிட்டோம். அவன் பின்னாடி புடிச்சுக்கிட, நான் ஃபோர்க் கால அசைச்சேன். மொத தடவ ஒண்ணும் தெரியல. விரல மேல டீகிட்ட வச்சதும் டொக்குன்னு விரல் நுனில தட்டுச்சு, ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. புதுசா மாத்துனது அண்ணாச்சி, ஒன்றரை மாசம்கூட ஆகல. அன்னைக்கு சாயங்காலமே வீட்டுக்குப் பக்கத்துல ஒரு வயசான மெக்கானிக்கிட்ட போயி கழட்டச் சொன்னேன், கூடவே நின்னேன். கீழ கப்பு குழாய் விளிம்போட ஒட்டாம ஒரு பக்கம் தூக்கி நின்னுது, காலண்டர் பேப்பர மடிச்சு விட்டா நுழையுது. உள்ள பழைய துரு அப்படியே பொருக்கா கெடந்துச்சு. கீழ கோனும் பழசுதான், பால்ஸ் ஒக்காந்த எடமெல்லாம் வரிசையா குழி குழியா தடம். புதுசு நாலும் வாங்கி, துருவ உப்புத்தாள் போட்டு தேச்சு எடுத்து, பழைய கப்பயே மேல வச்சு புது கப்ப சமமா அடிச்சு எறக்குனாரு, கிரீஸ் தாராளமா வச்சாரு.

நேத்து காலைல நாங்குநேரி தாண்டி வள்ளியூர் வரைக்கும் போயி திரும்பி வந்தேன். அதே எடத்துல, அதே வேகத்துல. ஹேண்டில் கல்லு மாதிரி நின்னுச்சு. பாக்ஸ திரும்ப மாட்டப் போறதில்ல, சாமான டேங்க் பேக்ல மாத்திட்டேன். டயர் நம்பர் 0917, அதுனால அதயும் அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் மாத்திருதேன்.

தச்சை_லாங்ரைடு:
ரொம்ப சந்தோஷம் அண்ணே. மொதல்ல மாத்துன ஒர்க்‌ஷாப்ல போயி கேட்டீங்களா?

பாளை_ரோடு:
கேக்கப் போறேன், பழைய கீழ கோன பொட்டணமா கட்டி வச்சிருக்கேன். சண்டைக்கு இல்ல, அடுத்து வாறவனுக்காவது துருவ சுரண்டி அடிக்கட்டும்னுதான்.

வள்ளியூர்_பட்டறை:
நல்ல காரியம் தம்பி. ஒண்ணு மறந்துராதீங்க, புது கப்பு எப்படி அடிச்சாலும் கொஞ்சம் ஒக்காரத்தான் செய்யும். 500 கிலோமீட்டர் ஆனதும் திரும்ப சக்கரத்த தூக்கி விரல வச்சுப் பாருங்க, டொக்குன்னு வந்தா மேல் நட்ட கொஞ்சம்போல இறுக்கச் சொல்லுங்க. உங்க ஓட்டத்துக்கு ரெண்டு வாரத்துல 500 வந்துரும்.