சூப்பர் டகுமார் 50 எஃப்/1.4: உள்ளே வெள்ளை இழை, கண்ணாடியும் மஞ்சள். இரண்டும் பங்கஸா?

தோபாயோ_50
கரோசலில் (பழைய பொருள் விற்கும் செயலி) வாங்கிய பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் ஃபிலிம் கேமராவோடு வந்த லென்ஸ். வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்த்தால் தேநீர் நிறம். முன்பக்கமிருந்து டார்ச் அடித்தால், முதல் கண்ணாடிக்குப் பின்னால் ஓரத்திலிருந்து சிலந்தி வலை மாதிரி இழைகள். அப்பர்ச்சர் (ஒளி அளவைக் கட்டுப்படுத்தும் துளை) இதழ்கள் சுத்தம்; பின் ஊசியை அழுத்தினால் சட்டென்று மூடுகிறது, விட்டால் சட்டென்று திறக்கிறது. ரிப்பேருக்குக் கொடுப்பதற்கு முன் வீட்டிலேயே செய்ய முடியுமா? இன்னொன்று, கேமராவின் மீட்டருக்கு எந்த பேட்டரி?

எம்42_ரசிகன்
இரண்டும் வேறு வேறு நோய். மஞ்சள் பங்கஸ் இல்லை. இந்த லென்ஸின் 7 கண்ணாடிப் பதிப்பில் பின்பக்கத் தொகுதியில் கதிரியக்கத் தனிமமான தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அதன் கதிர்வீச்சே நாளடைவில் கண்ணாடியைப் பழுப்பாக்கும். முந்தைய 8 கண்ணாடிப் பதிப்பில் தோரியம் இல்லை. அதனால் உங்களுடையது 7 என்று எடுத்துக்கொள்ளலாம்.

கிளை பிரிந்து போகும் இழை என்றால் பங்கஸ். சீராகப் பனி படிந்தது போல் இருந்தால் கிரீஸ் ஆவி. ஓரத்தில் வானவில் நிறத்தில் திட்டு தெரிந்தால் இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து ஒட்டிய பசை விட்டுப்போயிருக்கிறது, அதை வீட்டில் தொடவே வேண்டாம்.

சன்னலோரம்
எதுக்குக் கழட்டணும்? யூவி விளக்கு கீழே ஒரு வாரம் வைங்க, மஞ்சளும் போகும், பங்கஸும் செத்துப்போகும்.

எம்42_ரசிகன்
@சன்னலோரம் மஞ்சள் போகும், சரி. பங்கஸ் செத்தாலும் இழை அங்கேயேதான் கிடக்கும், துடைத்தால்தான் போகும். பங்கஸ் சுரக்கும் அமிலம் கோட்டிங்கை (கண்ணாடிமேல் உள்ள மெல்லிய பூச்சு) அரிக்கும் என்பதால் தாமதிக்கவும் கூடாது. முதலில் துடைப்பு, பிறகு யூவி.

தோபாயோ, இழை முன்தொகுதியில்தான் என்றால் உங்கள் வேலை பாதி மிச்சம். தேவை: ரப்பர் வளையக் கருவி, லென்ஸ் ஸ்பேனர், ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) முனை திருப்புளி (சாதாரண பிலிப்ஸ் ஜப்பான் திருகின் தலையைத் தின்றுவிடும்), காற்றுப் பந்து, பஞ்சு பறக்காத துடைப்புத் தாள்.

லென்ஸின் பெயர் எழுதிய வளையத்தில் ஸ்பேனர் மாட்ட வெட்டு கிடையாது. ரப்பரை அழுத்தி இடப்பக்கம் திருகினால் வரும். இறுகியிருந்தால் விளிம்பில் ஒரே ஒரு சொட்டு ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) விட்டு 10 நிமிடம் பொறுங்கள். அடியில் தெரியும் சிறு திருகுகளைக் கழற்றி, வெட்டுள்ள பூட்டு வளையத்தை ஸ்பேனரால் திருப்புங்கள். ஸ்பேனர் வழுக்கினால் கீறல் நேராகக் கண்ணாடியில்தான் விழும். கண்ணாடியை மாஸ்கிங் டேப்பால் மூடிக்கொள்ளுங்கள். கண்ணாடியை எடுக்கும் முன் ஓரத்தில் பென்சில் குறி போட்டு, எந்தப் பக்கம் மேலே என்று போட்டோ எடுத்துவிடுங்கள்.

அப்பர்ச்சர் வளையத்தைக் கழற்றாதீர்கள். அடியில் ஒரு குட்டி எஃகுக் குண்டு இருக்கிறது. தெறித்தால் கட்டிலுக்கு அடியில் தவழ வேண்டியதுதான்.

கறுப்பு_வெள்ளை
துடைப்பதற்கு: பார்மசியில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்ஸைடும் நீர்த்த அமோனியாவும் சம அளவு, தேவைக்குச் சில மில்லி மட்டும், அப்போதே கலந்து. மூடி போட்டு வைத்தால் வாயு சேர்ந்து புட்டி வெடிக்கும். சன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் பிளீச் இருக்கவே கூடாது. தாளை நனைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுழற்றித் துடையுங்கள். கடைசியில் 99% ஐபிஏ. 70% வாங்கினால் அதிலுள்ள தண்ணீர் கோடு விட்டுக் காயும். திரவத்தைக் கண்ணாடிமேல் நேரே ஊற்றாதீர்கள்: ஓரத்துக் கறுப்புப் பெயின்ட் கரையும், ஒட்டிய ஜோடி என்றால் இடுக்கில் ஏறும்.

யூவிக்கு 365 முதல் 395 நானோமீட்டர் எல்இடி. லென்ஸின் பின்பக்கம் விளக்கைப் பார்க்க, அடியில் அலுமினியத் தாள், அப்பர்ச்சர் முழுக்கத் திறந்து. சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். தினமும் வெள்ளைத் தாள்மேல் வைத்து ஒப்பிடுங்கள். விளக்கை வெறுங்கண்ணால் பார்க்க வேண்டாம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சன்னலோர மதிய வெயிலும் வேலை செய்யும், ஆனால் சூட்டில் ஹெலிகாய்டு (ஃபோகஸ் திருகுமரை) கிரீஸ் இளகி இதழ்களுக்கு வரும், லென்ஸ் வெயிலைக் குவித்தால் சன்னல் திரைச்சீலையும் கருகும். கறுப்பு வெள்ளை மட்டும் எடுப்பவர் மஞ்சளை விட்டுவிடலாம், மஞ்சள் ஃபில்டர் காசு மிச்சம். தோரியத்துக்காகப் பயப்பட வேண்டாம். அந்தக் கண்ணாடியைத் தேய்த்துப் பாலிஷ் மட்டும் போடாதீர்கள், தூள் நுரையீரலுக்குப் போகக் கூடாது.

எம்42_ரசிகன்
பேட்டரி: பழைய 1.35 வோல்ட் மெர்க்குரி பிஎக்ஸ்400 இப்போது இல்லை. ஸ்பாட்மேட்டிக் மீட்டர் பிரிட்ஜ் சர்க்யூட், வோல்டேஜ் சற்று மாறினாலும் அளவீடு மாறாது, அதனால் 1.55 வோல்ட் சில்வர் ஆக்ஸைடு 394 போதும். அது சிறியது, ஆட்டத்தை நிறுத்தச் சுற்றிலும் ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்). வோல்டேஜ் அடாப்டர் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள்.

தோபாயோ_50
நன்றி அண்ணே. இழை எல்லாம் போய்விட்டது, ஆனால் சாய்த்துப் பார்த்தால் அதே வடிவில் மங்கலான தடம் இருக்கிறது. இன்னும் துடைக்கலாமா?

கறுப்பு_வெள்ளை
வேண்டாம். அது அரித்துப்போன கோட்டிங். இனித் தேய்த்தால் நல்ல கோட்டிங்கும் போகும். எதிர்வெளிச்சத்தில் கான்ட்ராஸ்ட் கொஞ்சம் குறையலாம், ஹுட் போடுங்கள். கூட வந்த தோல் உறையைத் தூக்கிப் போடுங்கள், பங்கஸ் அதிலும் குடியிருக்கும். லென்ஸை டிரை கேபினட்டில் (ஈரப்பதம் குறைக்கும் அலமாரி) 45 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். கேபினட் இல்லையென்றால் ரப்பர் விளிம்பு டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு ஈரப்பதமானி. 60ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள்.

சன்னலோரம்
ஏர்கான் அறையிலிருந்து வெளியே எடுத்துப்போகும்போது பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விடுங்க, இல்லைன்னா லென்ஸ் வேர்த்துடும்.