புதுப்பிப்பு: வெள்ளி நானோகம்பி ஃபிலிம் மதுரைக் காற்றைத் தாங்குமா?

மதுரையில் சாக்கடை நீர் ஓடும் கிருதுமால் ஆற்றின் ஓரத்துக் கடை ஒன்றின் டச் ஸ்கிரீனுக்கு, மின்சாரம் கடத்தும் ஒளிபுகும் படலமாக, வழக்கமான ஐடிஓவுக்கு (இண்டியம் டின் ஆக்சைடு) பதிலாக மிக நுண்ணிய வெள்ளிக் கம்பிகளால் ஆன வெள்ளி நானோகம்பி ஃபிலிம் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அங்கேயே மொட்டைமாடியில் வைத்த துண்டுகளின் நிலவரம் இது.

மூடாமல் விட்ட துண்டில் மின்தடை ஏறிக்கொண்டே போய், இப்போது மின்சாரமே கடக்கவில்லை. பார்வைக்கு மட்டும் பழையபடி தெளிவாக இருக்கிறது, அதுதான் கவலை. சாக்கடையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியைச் சில்வர் சல்ஃபைடாக மாற்றிவிடும். கொலுசு கறுப்பதும் இதே வினைதான். கொலுசைத் தேய்த்து மீட்கலாம். சில பத்து நானோமீட்டர் தடிமனுள்ள கம்பியில் மேற்பரப்பு போனால் மிச்சம் ஏது?

கண்ணாடியும் பசையும் வைத்து மூடிய துண்டு நன்றாகத் தாங்குகிறது. ஓரங்களில் மட்டும் மின்தடை கூடியிருக்கிறது, காற்று நுழையும் வழி அதுதான். ஓர சீலிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சித்திரை வெயிலைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: வெள்ளி 961 டிகிரியில் உருகும், நானோகம்பிகளோ 200 டிகிரியை ஒட்டியே மணிமணியாகத் துண்டாகிவிடும். நம் வெயில் அதன் பக்கத்தில்கூடப் போகாது. புற ஊதாக் கதிர்தான் ஆபத்து. அதைத் தடுக்கும் பசையாகக் கேளுங்கள்.

சப்ளையர்கள் காட்டும் 85/85 சோதனை 85 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் மட்டுமே. அதில் கந்தகமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. இந்த இரண்டின் முடிவையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கடைக்கு ஐடிஓவே போடுகிறேன். வளையும் திரைக்கு ஐடிஓ விரிசல் விடும் என்பதால், அங்கே நானோகம்பிதான் என் தேர்வு.