வீட்டில் எல்லோரும் உண்பதையே குழந்தையும் உண்ணப் பழக்குவது எப்படி?

கேள்வி

எங்கள் மகனுக்கு மூன்றரை வயது ஆகிறது. ஒன்றரை வயது வரை எதைக் கொடுத்தாலும் மறுக்காமல் உண்டவன், இரண்டு வயதைத் தாண்டியதும் ஒவ்வொன்றாக ஒதுக்கத் தொடங்கி, இப்போது மிகச் சில உணவுகளை மட்டுமே தொடுகிறான். அதனால் ஒவ்வொரு வேளையும் எங்களுக்கு ஒரு சமையல், அவனுக்குத் தனியாக ஒரு சமையல் என்று ஆகிவிட்டது. அதையும் கைப்பேசியில் படம் காட்டினால்தான் வாய் திறந்து வாங்கிக்கொள்கிறான். தட்டில் காய்கறி தென்பட்டாலே அழுகிறான், வற்புறுத்தினால் குமட்டுகிறான். எடையும் உயரமும் வயதுக்கு ஏற்றபடியே உள்ளன என்று மருத்துவர் கூறியிருக்கிறார். பசித்தால் தானே உண்பான், விட்டுவிடு என்கிறார் கணவர். பிள்ளையைப் பட்டினி போடாதே என்கிறார் மாமியார். அழுகையும் சண்டையும் இல்லாமல் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து ஒரே உணவை உண்ணும் பழக்கத்தை எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1

சகோதரி, முதலில் ஓர் ஆறுதல்: ஏறத்தாழ இரண்டு வயது முதல் ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு பின்வாங்குவது பெரும்பாலான குழந்தைகளிடம் காணப்படும் இயல்பே அன்றி, உங்கள் வளர்ப்பின் குறையோ அவனது பிடிவாதமோ அன்று. முதல் ஆண்டில் பிறந்த எடையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காகும் குழந்தை, இரண்டு வயதுக்குப் பின் ஆண்டுக்குச் சுமார் 2 கிலோ அளவே கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிகிறது. ஆனால் நாமோ பழைய அளவையே மனத்தில் வைத்துக்கொண்டு தட்டை நிரப்புகிறோம்.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் 1980களில் முன்வைத்த பொறுப்புப் பங்கீடு உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்று நம்புகிறேன். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். உண்பதா வேண்டாமா, எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தை முடிவு செய்ய வேண்டும். இதில் உங்கள் கணவரின் சொல்லுக்கும் மாமியாரின் கவலைக்கும் இடமுண்டு. அவன் ஏற்கும் உணவுகளில் ஒன்றை ஒவ்வொரு வேளையும் எல்லோருக்கும் பொதுவாகவே வைத்துவிட்டால், அவனுக்கெனத் தனியாகச் சமைக்க வேண்டியதில்லை. அவன் பசியோடு எழுந்திருக்கும் நிலையும் வராது.

புதிய உணவைக் கடுகளவு வைத்தாலும் போதும். அதைத் தொட்டான், முகர்ந்தான், நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினான் என்பவை எல்லாம் முன்னேற்றமே. ஒரு சுவை பழகுவதற்கு எட்டு முதல் பதினைந்து முறை வரை அதைச் சந்திக்க வேண்டியிருக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பாலான வீடுகளில் மூன்றாம் நான்காம் முறையிலேயே இவனுக்குப் பிடிக்காது என்று தீர்ப்பு எழுதி அந்த உணவை நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் வருத்தத்திற்குரியது.

காயை உண்டால் இனிப்பு தருவேன் என்று சொல்வதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பரிசு கொடுத்துத்தான் உண்ணவைக்க வேண்டும் என்றால் அது நல்ல பொருளாக இருக்காது என்றே குழந்தை எண்ணிக்கொள்கிறது. இனிப்பின் மதிப்புதான் இன்னும் உயர்கிறது. வற்புறுத்தலுக்கும் இதே விளைவுதான்: மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஓர் ஆய்வில், குடித்து முடி என்று தூண்டப்பட்டபோது அவர்கள் குடித்த சூப்பின் அளவு, தூண்டப்படாதபோது குடித்ததைவிடக் குறைவாகவே இருந்தது.

பதில் 2

மேலே உள்ள பதிலோடு உடன்படுகிறேன். ஆயினும் உணவு வேளையை மட்டும் சீர்செய்துவிட்டு இடைவேளையைக் கவனிக்காமல் விட்டால் பலன் கிடைக்காது. அழும்போதெல்லாம் ஒரு கோப்பைப் பாலோ பழச்சாறோ கையில் கிடைக்கும் குழந்தைக்கு உணவு நேரத்தில் பசி எப்படி வரும்? இந்த வயதில் நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டியதில்லை. அளவு மிகுந்தால் பசி அடங்கிவிடுவதோடு இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கும் வழி ஏற்படலாம். வேளைகளுக்கிடையே இரண்டரை முதல் மூன்று மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லாமல் பாருங்கள்.

கைப்பேசியை ஒரே நாளில் பறிக்க வேண்டாம் என்பது என் கருத்து. நாளின் மிக அமைதியான ஒரு வேளையைத் தேர்ந்து, அந்த வேளையில் பெரியவர்கள் உட்பட எவரும் திரையைப் பார்க்காமல் உண்ணுங்கள். அது நிலைத்தபின் அடுத்த வேளைக்குச் செல்லலாம். காரமும் உப்பும் சேர்ப்பதற்கு முன் அவன் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டால் ஒரே சமையலே எல்லோருக்கும் போதும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்றை மட்டும் தெளிவுபடுத்துங்கள். இரவு உணவை உண்ணாமல் எழுந்து சென்றுவிட்டு, படுக்கும் நேரத்தில் பசிக்கிறது என்று அழுதால் என்ன செய்வது? அந்த இடத்தில்தான் வீட்டில் எல்லோருடைய உறுதியும் குலைந்துவிடுகிறது.

பதில் 1 எழுதியவர்

இரவு உணவுக்கும் உறக்கத்துக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால், படுக்கைக்கு முன் ஒரு சிறு உணவை அன்றாட அட்டவணையிலேயே சேர்த்துவிடுங்கள். அவன் இரவு உணவை நன்றாக உண்ட நாளிலும் அது கிடைக்க வேண்டும், உண்ணாத நாளிலும் அது கிடைக்க வேண்டும். அது அவனுக்கு மிகப் பிடித்த பொருளாக இல்லாமல், வயிற்றை நிரப்பும் எளிய ஒன்றாக இருக்கட்டும். அப்போது அதைப் பரிசாகவோ தண்டனையாகவோ அவன் கருத மாட்டான். மாமியாருக்கும் பிள்ளை பட்டினியாக உறங்குகிறான் என்ற வேதனை இராது.

பதில் 3

குமட்டல் என்று குறிப்பிட்டிருப்பதால் எழுதுகிறேன். வற்புறுத்தும்போது மட்டும் குமட்டுகிறான் என்றால், வற்புறுத்தலை நிறுத்தியதும் அது குறையக்கூடும். ஆனால் தானாக விரும்பி உண்ணும்போதும் குமட்டல், விழுங்கும்போது இருமல் அல்லது மூச்சுத்திணறல், எடை கூடாமை அல்லது குறைதல், ஏற்கும் உணவுகளின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் சுருங்குதல், குறிப்பிட்ட ஒரு பதமோ நிறமோ உள்ளவற்றை மட்டுமே ஏற்றல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் மீண்டும் காட்டுங்கள். சில குழந்தைகளுக்கு மெல்லும் விழுங்கும் தசைகளிலோ தொடுவுணர்விலோ சிரமம் இருக்கும். அவர்களுக்குப் பசித்தால் உண்பான் என்ற அணுகுமுறை பயன்படாது, உணவூட்டல் பயிற்சி அளிக்கும் பேச்சு மொழி வல்லுநரோ செயல்வழிச் சிகிச்சையாளரோ தேவைப்படுவார்.

குடும்ப உணவுக்கு மாறும்போது மற்றொன்றையும் நினைவில் வையுங்கள்: ஐந்து வயது நிறையும் வரை முழுக் கொட்டைப் பருப்புகளைத் தர வேண்டாம், திராட்சை போன்ற உருண்டைப் பழங்களை நீளவாக்கில் நான்காக நறுக்கியே கொடுங்கள், அவன் உண்ணும் நேரம் முழுவதும் பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்திருக்கட்டும்.