மறு: கியூட்டிகுலர் ஹைட்ரோகார்பன் – ‘சட்டை’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பூச்சியின் மேலுறையில் (கியூட்டிகிள்) படர்ந்திருக்கும் ‘கியூட்டிகுலர் ஹைட்ரோகார்பன்’ என்ற பொருளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது. மூன்று மடல்களுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> ‘தோல்மெழுகு’ என்றே வைத்துவிடலாமே. சின்னச் சொல், படித்ததும் புரிகிறது.

படித்ததும் புரிவதுதான் ஐயா சிக்கல். அது தோலும் இல்லை, மெழுகும் இல்லை.

மெழுகு என்றதும் எல்லோருக்கும் தேன்மெழுகுதான் நினைவுக்கு வரும். அது தேனீயின் வயிற்றடியில் உள்ள தனிச் சுரப்பியிலிருந்து வருவது. பெரும்பங்கு எஸ்டர் (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்த சேர்மம்), ஹைட்ரோகார்பன் ஏழில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். நாம் பேர் தேடுவதோ எறும்பு, ஈ, கரப்பான், ஏன் அந்தத் தேனீயின் மேனியிலும்கூடப் படர்ந்திருக்கும் மெல்லிய படலத்தின் முக்கியச் சரக்குக்கு. கார்பனும் ஹைட்ரஜனும் தவிர அதில் வேறு அணு கிடையாது. சங்கிலியில் பெரும்பாலும் இருபதுக்கு மேல், நாற்பதுக்குள் கார்பன்.

அந்தச் சங்கிலி எப்போதும் மெழுகாக இருப்பதும் இல்லை. 23 கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலி ட்ரைகோசேன் ஏறத்தாழ 48 டிகிரி செல்சியஸில்தான் உருகும். அதே 23 கார்பனில் ஒன்பதாம் இடத்தில் சங்கிலியை வளைக்கும் ‘சிஸ்’ வகை இரட்டைப் பிணைப்பு ஒரே ஒன்று விழுந்தால், அறை வெப்பத்திலேயே எண்ணெய். வீட்டு ஈயின் பெண், ஆணை இழுப்பது இந்த எண்ணெயால்தான். 1971-இல் அடையாளம் கண்டார்கள். சங்கிலியின் நடுவில் ஒற்றைக் கார்பன் கொண்ட மீத்தைல் கிளை முளைத்தாலும் உருகுநிலை இறங்கிவிடும். அமெரிக்கக் கரப்பானின் படலத்தில் மிகுதியாக இருப்பது இரண்டு இரட்டைப் பிணைப்புள்ள 27 கார்பன் சங்கிலி. அதை மெழுகு என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அது கிரீஸ். 1935-இல் ராம்சே என்ற ஆய்வாளர் கரப்பானின் மேல் நீர்த்துளி வைத்துப் பார்த்தபோது துளி லேசில் உலரவில்லை. மேனியிலிருந்த கிரீஸ் துளியின் மேலேயே ஏறிப் போர்த்திக்கொண்டது! வெப்பம் 30 டிகிரியைத் தாண்டியதும் கரப்பானின் நீரிழப்பு சட்டென்று எகிறியதையும் அவர்தான் எழுதிவைத்தார். பூச்சியின் உடம்பில் தண்ணீர் தங்குவது இந்தப் படலத்தை நம்பித்தான்.

அடுத்து தோல். உயிருள்ள செல்லடுக்குக்குப் ‘புறத்தோல்’ என்ற சொல் ஏற்கெனவே போய்விட்டது. கியூட்டிகிள் என்பது அந்த அடுக்கு சுரந்து தன்மேல் மாட்டிக்கொண்ட உயிரற்ற உறை. வளர வளரக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டிக்கொள்ளும். இதற்குச் சொல் தேடி நாம் எங்கும் போக வேண்டாம். பாம்பு சட்டை உரித்தது என்கிறோமே, அந்தச் சட்டைதான். கரப்பான் குஞ்சு உரித்துப் போட்டதைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதுகு நெடுக ஒரு வெடிப்பு. மற்றபடி கால் முள், உணர்கொம்பின் கணு எல்லாம் உள்ளது உள்ளபடி இருக்கும், உள்ளே ஆள் மட்டும் இல்லை.

ஆக, கியூட்டிகிள் என்றால் சட்டை. அதன் மேலே கைட்டின் (சட்டைக்கு உறுதி தரும் நார்ப்பொருள்) இல்லாத மெல்லிய அடுக்கு எபிகியூட்டிகிள், அது மேற்சட்டை. நம் பொருள் அங்கேதான் இருக்கிறது: மேற்சட்டை ஹைட்ரோகார்பன்.

> பின்பாதியும் தமிழாக வேண்டாமா? ‘நீர்க்கரிமம்’ எப்படி?

வேண்டாம் அக்கா. அதில் நீர் எங்கே இருக்கிறது? படிக்கிறவர் நேராகக் கார்போஹைட்ரேட்டுக்குப் போய்விடுவார். ‘நீரகக்கரிமம்’ பிழையில்லாத சொல்தான், சண்டை போட மாட்டேன். ஆனால் ஹைட்ரோகார்பன் செய்தித்தாள் வரைக்கும் வந்துவிட்ட சொல். ஒரே தொடரில் இரண்டு புதுச்சொல் வைத்தால் இரண்டும் நிற்காது.

சொல்லை வேலை வாங்கிப் பார்த்தேன். எறும்பை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூழ்கும் அளவுக்கு ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றி, சில நிமிடம் கழித்து எறும்பை எடுத்துவிட்டுக் கரைசலை வாயு நிறச்சாரல்மானியில் (கலவையின் சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் கருவி, கேஸ் குரோமட்டோகிராஃப்) ஏற்றினால், தாளில் சீப்புப் பல் மாதிரி முகடுகள் வரிசை கட்டும். இதை “மேற்சட்டை ஹைட்ரோகார்பன் சேர்மானம்” என்று எழுதினேன், உறுத்தவில்லை. “கூட்டுக்குக் கூடு மேற்சட்டைச் சேர்மானம் மாறும், உணர்கொம்பால் தடவியே எறும்பு தன் கூட்டாளியை அறியும்” – இதுவும் ஓடுகிறது. ‘தோல்மெழுகு’ வைத்து இரண்டாவது வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், மெழுகு எப்படி அடையாளச் சீட்டு ஆனது என்று ஒரு பத்தி விளக்க வேண்டியிருக்கும்.

நேர்ச்சங்கிலி முகடுகளில் ஒற்றைப்படைக் கார்பன்தான் ஓங்கி நிற்கும். கொழுப்பு அமிலம் இரண்டிரண்டு கார்பனாக நீளும், பிறகு ஆல்டிஹைடாகும், கடைசியில் சைட்டோகுரோம் பி450 வகை நொதி ஒன்று நுனிக் கார்பனைக் கழற்றிவிடும். இரட்டையில் ஒன்று போனால் ஒற்றை. சொல் விவாதத்துக்கு இது தேவையில்லைதான், ஆனால் அந்தச் சீப்பைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்குப் பிடிக்கும்.

> சட்டை என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். பாம்பின் சட்டை செத்த செல்லடுக்கு, பூச்சியுடையது சுரப்பு. இரண்டும் ஒன்றா? இலைக்கும் கியூட்டிகிள் உண்டே?

சிரிக்கட்டும், மறக்க மாட்டார்கள். பாம்பு விஷயத்தில் திருத்தம் சரி, அகராதிக் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். ‘கழற்றிப் போடும் மேலுறை’ என்ற பொருள் இரண்டுக்கும் பொது, அந்த அளவுக்குப் போதும். இலை கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இலை சட்டை உரிப்பதில்லை. அதனால் இந்தச் சொல்லைக் கணுக்காலிகளோடு நிறுத்திக்கொள்ளலாம், தாவரக்காரர்கள் தங்களுக்கு வேறு பார்க்கட்டும்.

பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்: சட்டை, மேற்சட்டை, மேற்சட்டை ஹைட்ரோகார்பன், மேற்சட்டைச் சேர்மானம். மறுப்பு இருந்தால் இங்கேயே எழுதுங்கள். இந்த ஹைட்ரோகார்பன்களைச் செய்யும் ஈனோசைட்டு என்ற செல்லுக்குத் தனி இழை தொடங்குகிறேன். பேரின் கிரேக்க வேர் ஒயினைக் குறிக்கும், செல்லின் நிறத்தைப் பார்த்து வைத்தார்களாம். ‘மதுச்செல்’ என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள்.