மிலியாவை ஒயிட்ஹெட் என்று நினைத்து அழுத்திவிட்டேன்: தோலில் இருப்பதை எப்படி அடையாளம் காண்பது?

புதுக்கை எழுதியது:

அழகுக்கலைப் படிப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. மேக்யூல், பாப்யூல், வெசிக்கிள், பஸ்ட்யூல் என்று தோலில் வரும் புள்ளி, பொரிகளின் பெயர்கள் எல்லாம் உருப்போட்டாயிற்று. தேர்வில் எழுதிவிடுவேன். ஆனால் நேற்றுப் பயிற்சிக்கு வந்தவரின் கண்ணுக்குக் கீழே பொடிப் பொடியாய் வெள்ளைப் புள்ளிகள். ஒயிட்ஹெட்தானே என்று எக்ஸ்ட்ராக்டரை (அடைப்பைப் பிதுக்கி எடுக்கும் கருவி) வைத்து அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை, சிவந்து வீங்கியதுதான் மிச்சம். ஆசிரியை ஓடி வந்து, "இது மிலியா, இதைப் போய் அழுத்துவாயா?" என்றார். அவமானமாகப் போய்விட்டது.

பாடப் புத்தகத்துப் படங்கள் எல்லாம் வெள்ளைத் தோல். என் முன்னால் வந்து படுப்பவர்கள் மாநிறமும் கறுப்பும். நீங்கள் எல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

பழையகை எழுதியது:

மிலியாவை அழுத்தாத ஆள் இந்தத் தொழிலில் குறைவு. மெல்லிய தோலுக்கு அடியில் கெரட்டின் என்ற தோல் புரதம் சிக்கி மணி போல உருண்டிருக்கும். வெளியே வர வாய் கிடையாது, அதனால்தான் எவ்வளவு அழுத்தினாலும் வராது. ஒயிட்ஹெட் என்பது மயிர்க்காலுக்குள் எண்ணெயும் இறந்த செல்களும் அடைத்துக்கொள்வது. தோலை இரு விரலால் லேசாக இழுத்தால் ஒயிட்ஹெட் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

நான் கண்ணைவிட விரலைத்தான் முதலில் நம்புவேன். கையுறை போட்டுக்கொண்டு தடவுங்கள். தட்டையா, மேடா? தட்டையாக ஒரு செ.மீ.க்குள் இருந்தால் மேக்யூல், மேடாக இருந்தால் பாப்யூல். சில புத்தகங்கள் அரை செ.மீ. என்று போட்டிருக்கும், அதற்காகச் சண்டை போட வேண்டாம். உள்ளே தெளிந்த நீரா, சீழா என்று அப்புறம் பாருங்கள். நீர் என்றால் வெசிக்கிள், சீழ் என்றால் பஸ்ட்யூல்.

கறுத்த தோலில் சிவப்பைத் தேடாதீர்கள். அழற்சி அங்கே ஊதாவாகவோ அடர் பழுப்பாகவோதான் தெரியும். எதிர்ப்பக்கக் கன்னத்தோடு ஒப்பிடுங்கள், சூடும் வீக்கமும் விரலுக்குத் தெரியும். விளக்கை நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள், மேடெல்லாம் நிழல் விட்டுக் காட்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் காலில் முடி எடுக்க வாக்ஸ் போட்டேன். முத்து போல நாலைந்து பொரிகள் இருந்தன, நடுவில் சின்னக் குழி. மயிர்க்கால் பரு என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வந்தார், பட்டையை இழுத்த வழி நெடுக வரிசையாகப் பொரி. அது மொலஸ்கம், வைரஸால் வருவது. நானே பரப்பியிருக்கிறேன். அன்றிலிருந்து நடுவில் குழி தெரிந்தால் கையை எடுத்துவிடுவேன். மருவும் அப்படித்தான் பரவும்.

வெள்ளைத் திட்டுகளில்தான் மாணவிகள் அதிகம் குழம்புகிறார்கள். தோலை இழுத்தால் பொடிச் செதில் எழும்பினால் பெரும்பாலும் தேமல். பால் வெள்ளையாக, செதிலே இல்லாமல், ஓரம் தெளிவாக இருந்தால் வெண்புள்ளி. அது தொற்றாது, ஆனால் காயம் பட்ட இடத்தில் புதுத் திட்டு வரலாம், அதனால் அழுத்தமான ஸ்க்ரப்பும் சூடான வாக்ஸும் வேண்டாம். வெளிறிய திட்டில் தொட்டால் உணர்ச்சியே இல்லை என்றால் தொழுநோயாக இருக்கலாம். பயமுறுத்தாமல் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள், மருந்தால் முழுக்கக் குணமாகும் நோய்தான்.

ஓரம் தடித்துச் செதிலோடு, நடு தெளிந்து வளையமாக இருப்பது படர்தாமரை. ஆனால் அவர் ஏற்கனவே ஸ்டீராய்டு க்ரீம் தடவியிருந்தால் வளையமே கலைந்துபோயிருக்கும். அதனால் "என்ன தடவினீர்கள்?" என்று கேட்காமல் துண்டைக்கூட விரிக்காதீர்கள்.

நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில் பொரிப் பொரியாக, அரிப்போடு, ஒரு பிளாக்ஹெட்கூட இல்லாமல் வந்தால் பூஞ்சையாகவும் இருக்கலாம். எண்ணெய் மசாஜ் செய்தால் இன்னும் கிளம்பும்.

கழுத்தில் வெல்வெட் போலக் கறுத்திருப்பது அழுக்கு அல்ல. பல நேரம் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். தேய்த்தால் போகாது. சர்க்கரையைப் பரிசோதிக்கச் சொல்வதுதான் நாம் செய்யக்கூடிய உதவி.

நகவேலை எழுதியது:

மச்சத்தை விட்டுவிட்டீர்களே அக்கா. இரண்டு பாதியும் ஒத்துப்போகாதது, ஓரம் கந்தலானது, பல நிறம் கலந்தது, 6 மி.மீ.க்கு மேல் பெரியது, மாறிக்கொண்டே இருப்பது: இதில் எது தெரிந்தாலும் நான் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்வேன். கறுத்த தோலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில்தான் தொடங்கியது. 1981-ல் இறந்தபோது வயது 36.

பழைய பாலிஷை எடுத்ததும் அடுத்ததைப் பூசாமல் நகத்தை ஒரு நிமிடம் பாருங்கள். பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடு கறுத்த தோலில் சகஜம். ஒரே நகத்தில் கோடு அகலமாகிக்கொண்டே போனாலோ, கறுப்பு நகக்கண் தோலுக்கு இறங்கினாலோ சகஜம் இல்லை.

புதுக்கை எழுதியது:

நன்றி அக்கா, நன்றி நகவேலை. நாளை வருபவர் உதட்டோரம் கொத்தாக நீர்க்கொப்புளம் இருக்கிறதாம், முந்தின நாள் சுறுசுறு என்று எரிந்ததாம். உதட்டை விட்டுவிட்டு மற்ற இடத்துக்கு ஃபேஷியல் செய்யலாமா?

பழையகை எழுதியது:

வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஹெர்பிஸ் என்ற, தொட்டால் பரவும் வைரஸ் தொற்று போலத்தான் தெரிகிறது. பொருக்கு உதிர்ந்து தோல் முழுதாக மூடிய பிறகு வரச் சொல்லுங்கள். இன்றைக்கே ஃபோன் செய்துவிடுங்கள், நேரில் வந்த பிறகு திருப்பி அனுப்பினால் மனது சங்கடப்படும்.